எச்சில் தம்ளர்களோடு குர்லாவுக்கு

தாராவியில் தோல் பதனிடும் கொட்டகைகளுக்கும் சதுப்புக்கும் நடுவே, தண்ணீர் நிற்கிற பள்ளத்தில் செங்கல் தூளும் சாம்பலும் கொட்டி மேடாக்கி, பன்னிரண்டு தகரத்தில் ஒரு பட்டறை கட்டினேன். முனிசிபாலிட்டிக்காரன் இரண்டு தரம் பிடுங்கிப் போட்டான். மூன்றாம் தரமும் கட்டினேன். செம்பூரில் ஒரு காலனியில் மூன்றாம் மாடிக்கு ஏற மாட்டேன் என்று அடம்பிடித்த தண்ணீரை ஏற்றிக் காட்டினேன். நூற்றிருபது இட்லி ஒரே ஆவியில் வேகும் பெட்டி செய்தேன். கல்யாணச் சமையல்காரர்களுக்காக ஆட்டுரலுக்கு மோட்டார் வைத்தேன். என்னைப் பார்த்து வைத்தவர்கள் பிற்பாடு பத்துப் பேர். பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. பம்பாயில் வந்து இறங்கிய அன்று இந்தியில் தெரிந்த வார்த்தை 'பானி' ஒன்றுதான்.

இவையெல்லாம் தட்டிப் பார்க்கக்கூடிய காரியங்கள். நான் இப்போது எழுத உட்கார்ந்தது தட்டிப் பார்க்க முடியாத ஒன்றைப் பற்றி. ஒரு பாத்திரம் கழுவும் மிஷினை நான் தேர்ந்தெடுத்தேன். கட்டுவதைவிடத் தேர்ந்தெடுப்பது பெரிய வேலை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கண்ணை மூடினால் இன்றைக்கும் அந்த ஆவி எழும்புகிறது. ஆவிக்குள் இருந்து ஒவ்வொரு ஆளாக வெளியே வருகிறார்கள்.

மாட்டுங்காவில் நம்மவர்கள் நடத்திய சபை ஒன்றுக்குக் கேன்டீன் இருந்தது. காலை எட்டு மணிக்கே சாதம் சாப்பிட்டுவிட்டு ரயில் பிடிக்கிற ஆபீஸ்காரர்கள் இருநூறு பேர். அவர்களுடைய தட்டையும் தம்ளரையும் கழுவ, வெள்ளைக்காரர் கிளப் ஒன்றைக் கலைத்தபோது ஏலத்தில் எடுத்த ஒரு பழைய மிஷின் பின்கட்டில் நின்றது. நாலு வருஷம் அதை உயிரோடு வைத்திருந்தவன் நான். டிராம் நின்றுபோனதற்கு அடுத்த வருஷ மழையில் அதன் அடித்தொட்டி துருப்பிடித்து, அப்பளம் நொறுங்குவது மாதிரி நொறுங்கி உட்கார்ந்தது. அதற்கு மேல் நானும் கைவிட்டேன்.

அன்றிலிருந்து இருநூறு பேர் பாத்திரமும் ஒரு பெண்ணின் கைக்குப் போனது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. தாராவியில் என் பட்டறைக்கு நாலு சந்து தள்ளிக் குடியிருந்தாள். சாம்பலும் சோடாவும் அவள் விரல் இடுக்குகளைத் தின்றிருந்தன. காரம் பட்டால் எரியும் என்று சோற்றில் கை வைக்கமாட்டாள். மத்தியானம் எல்லாரும் ரசத்துக்குச் சோற்றில் பாத்தி கட்டும்போது, அவள் சுவரோரம் குத்தவைத்து ஒரு பாவ் ரொட்டியை டீயில் நனைத்து நனைத்துத் தின்பாள். விரல்களை மடக்காமல், நுனியால் மட்டும் பிடித்து.

சபையின் காரியதரிசி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஓய் மெக்கானிக், பழசு இனிமே தேறாது, அப்படித்தானே?"

"தேறாது சாமி."

"கமிட்டியிலே ரெண்டு அபிப்பிராயம். ஒண்ணு, வேற மிஷின். இல்லேன்னா, வேற ஆள். அவ கை இருக்கற இருப்புக்கு அழுத்தித் தேய்க்க முடியலே. தம்ளரெல்லாம் மோர் வாடை அடிக்கறதுன்னு மெம்பர்கள் சண்டைக்கு வரா. பதினஞ்சு நாள். அதுக்குள்ளே நம்பகமா ஒரு மிஷின் அமையலேன்னா ஆளை மாத்திடறதா தீர்மானம்."

"நான் அமைக்கேன்" என்றேன். வாய் முந்திக்கொண்டது. அந்த நாளில் எனக்கு எல்லாவற்றிலும் வாய்தான் முந்தும். கை பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடிக்கும்.

பின்கட்டில் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் தாண்டிப் போகும்போது தலை நிமிராமல் சொன்னாள்: "ஒண்ணு மிஷினுக்குப் புதுசா கை வாங்கணும், இல்லன்னா எனக்கு வாங்கணும். எது லேசுன்னு பாருங்க அண்ணாச்சி."

மிஷின் பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவார்கள். பெயின்டைப் பார்ப்பார்கள், விற்கிறவன் பேச்சைக் கேட்பார்கள். எனக்கு இங்கிலீஷ் புத்தகம் படிக்கத் தெரியாது. பேச்சும் பாதிதான் புரியும். அதனால் நான் எச்சில் பாத்திரத்தோடு போனேன். அடியில் காப்பி ஆடை காய்ந்த தம்ளர் இருபது, டபரா பத்து, தயிர் சாதம் ஒட்டி உலர்ந்த தட்டு எட்டு. வேண்டுமென்றே கழுவாமல் ஒரு பொழுது வெயிலில் வைத்து, கோணிமூட்டையாகக் கட்டி, ரயிலில் ஏற்றினேன். கழுவினது சரியா என்று சொல்ல அவளையும் கூட்டிப் போனேன். ரயில் பெட்டியில் அத்தனை நெரிசலிலும் எங்களைச் சுற்றி மட்டும் இடம் விட்டு நின்றார்கள். யாரோ நம் ஊர்க்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னதும்மா மூட்டைல?" என்று கேட்டார்.

"என் சீர்வரிசை" என்றாள் அவள்.

முதலில் கோட்டைப் பக்கம் ஒரு ஷோரூம். காரியதரிசியும் அங்கே வந்துவிட்டார். அவர் கண்டுபிடித்த கடைதான் அது. வெள்ளை வெளேரென்று ஒரு பெட்டி, முன்பக்கம் கண்ணாடி ஜன்னல். டை கட்டிய விற்பனையாள் ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த கண்ணாடிப் பாத்திரங்களை உள்ளே வைத்து, இன்னும் பளபளக்க எடுத்துக் காட்டினார். நான் மூட்டையை அவிழ்த்தேன். அவர் இரண்டடி பின்னால் போனார். காரியதரிசி தெருவைப் பார்த்தார்.

நம் தம்ளர்கள் அந்தப் பெட்டியின் கம்பிகளில் நிற்கவில்லை. கவிழ்த்து வைத்தவை தண்ணீரின் வேகத்தில் மல்லாந்துவிட்டன. கதவைத் திறந்தபோது ஒவ்வொரு தம்ளரிலும் அழுக்குத் தண்ணீர் விளிம்பு வரை நின்றது. ஒன்றில் கடுகு மிதந்தது. அவள் குனிந்து பார்த்துவிட்டு, "இது கழுவல அண்ணாச்சி, ஊறப் போட்டிருக்கு" என்றாள்.

"நம்ம தம்ளரை மாத்திண்டாப் போச்சு" என்றார் காரியதரிசி. "கண்ணாடி கிளாஸ் வாங்கிடலாம். சபைக்கும் ஒரு கௌரவம்."

"கண்ணாடி கிளாஸ்ல எப்படிச் சாமி ஆத்திக் குடிப்பாக? இருநூறு பேரு விரலையும் சேத்துல்லா மாத்தணும்?" என்றேன்.

விக்ரோலியில் ஒரு தொழிற்சாலை கேன்டீன் கழித்துப் போட்ட மிஷின் இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கேயும் மூட்டையோடு போனோம். அதன் உள்ளே எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. மூடிவிட்டு வந்தோம்.

பன்னிரண்டாம் நாள் குர்லா.

அங்கே ஒரு பங்கார் கடை, அதாவது பழைய இரும்புக் கடை. கடைக்காரர் எங்கள் தெற்கத்திக் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த பாய். உடைத்த கப்பல்களில் இருந்து வரும் சாமான்களை வாங்கிப் போட்டிருந்தார். நங்கூரச் சங்கிலி, வட்ட ஜன்னல், பித்தளைக் கைப்பிடி, கால் இல்லாத நாற்காலி. அவற்றுக்கு நடுவே ஆள் உயரத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. பக்கவாட்டில் ஏதோ ஒரு நாட்டு எழுத்து. மேலும் கீழுமாக இரண்டு சுழலும் குழாய்க்கைகள். கதவைத் தூக்கினால் உள்ளே இருந்து உப்பு வாடை வந்தது. எத்தனை கடலில் எத்தனை பேர் சாப்பிட்ட தட்டோ என்று ஒரு நிமிஷம் நின்றுவிட்டேன். நான் கப்பல் ஏறினவன் இல்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் தலையை விட்டபோது தரை மெதுவாக ஆடுகிற மாதிரி இருந்தது.

"ரெண்டு வருஷமா கிடக்கு அண்ணாச்சி" என்றார் பாய். "மால் பக்கா. ஆனா ஓட்டிப் பாக்க முடியல. கப்பல் கரன்ட் வேறயாம், நம்ம கரன்ட் வேறயாம். வந்தவன்லாம் தட்டிப் பாத்துட்டுப் போறான்."

நான் மறுநாள் என் பட்டறையில் இருந்து ஒரு மோட்டாரைக் கைவண்டியில் கொண்டுவந்தேன். கப்பல் மோட்டாரைக் கழற்றிவிட்டு, பெல்ட் போட்டு என் மோட்டாரோடு இணைத்தேன். இரண்டு டிரம்மில் பாய் தண்ணீர் காய்ச்சினார். பம்பு சுற்ற ஆரம்பித்ததும், திருப்புளியின் முனையைப் பம்பின் மேல் வைத்து, மரப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். உள்ளே எது தேய்ந்திருந்தாலும் அந்தக் கம்பி சொல்லிவிடும். கரகரப்பு இல்லை. தூங்குகிற பெரிய மிருகம் மூச்சு விடுகிற மாதிரி ஒரே சீரான சத்தம். வெயில், கொதிக்கிற தண்ணீரின் சத்தம், இரும்பின் வாசனை. அப்படியே கண் சொருகியது. அவள் தோளைத் தட்டினாள்.

"கேட்டது போதும். பாத்திரத்த வைங்க."

இனித்தான் நான் பண்ணின காரியம். கழுவ என்ன பொடி போடுவது? கப்பலில் என்ன போட்டார்களோ தெரியாது. நம் ஊர்க்காரனுக்குத் தலைக்கு எண்ணெய் போவதும் சீயக்காயில்தான், எண்ணெய்ச் சட்டி வெளுப்பதும் சீயக்காயில்தான். அவள் மடியில் ஒரு பொட்டலம் இருந்தது. "ரெண்டு கை அள்ளிப் போடு தாயீ" என்று நான்தான் சொன்னேன். அவள் ஒரு கைதான் போட்டாள். மீதியை நான் போட்டேன்.

முதலில் கதவிடுக்கில் கொஞ்சம் நுரை எட்டிப் பார்த்தது. பிறகு அது வந்துகொண்டே இருந்தது. பழுப்பும் வெள்ளையுமாக, சத்தமே இல்லாமல், பெட்டியைச் சுற்றி இறங்கி, தரையில் பரவி, சங்கிலியை மூடி, நாற்காலிகளை மூடி, எங்கள் முழங்காலுக்கு வந்தது. நான் சுவிட்ச் இருந்த தூணைத் தேடினேன். அடி நுரையில் முங்கியதும் எல்லாத் தூணும் ஒரே மாதிரி தெரிந்தது. கூரை ஓட்டை வழியாக வந்த வெயில் நுரையில் பட்டு நீலமும் ரோஜாவுமாக உடைந்தது. ஊரெல்லாம் எண்ணெய்க் குளியல் போட்ட வாசனை. மூன்று பேரும் அதற்குள் நின்றோம். வயதாக ஆக அந்த நிமிஷம் எனக்கு நீண்டுகொண்டே போகிறது. சில நாள் நான் இன்னும் அங்கேதான் நிற்கிறேனோ என்று இருக்கிறது.

பாய்தான் பேசினார்: "கப்பலுக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டிட்டிய."

ஒருவழியாகச் சுவிட்சைக் கண்டுபிடித்து நிறுத்திக் கதவைத் திறந்தால், தட்டில் தயிர் அப்படியே இருந்தது. அதன் மேல் சீயக்காய்ப் பொடி அப்பியிருந்தது. பம்பு தண்ணீரைத் தூக்கவில்லை, நுரையைத்தான் தூக்கியிருக்கிறது. எனக்கு முகம் செத்துவிட்டது. தப்பு மிஷினுடையது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு யோசனை. பதினைந்து நாளில் பதின்மூன்று போயாகிவிட்டது.

"தண்ணியப் பூரா வடிங்க" என்றாள் அவள். "வெறும் வெந்நி. சோடா ஒரு சிட்டிகை. அம்புட்டுதான். கை படாத எடத்துல நுரை என்னத்துக்கு?"

தொட்டியை மூன்று தரம் அலசினோம். வெறும் வெந்நீர், ஒரு சிட்டிகை சோடா. கதவைத் தூக்கியபோது வெளியே வந்த ஆவியில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. ஆவி விலகியதும் தட்டுகள் பேசாமல் மின்னிக்கொண்டிருந்தன. பாய் தன் டீக்கு வைத்திருந்த பாலை ஒரு டபராவில் ஊற்றி அடுப்பில் வைத்தார். பாத்திரத்தில் துளி புளிப்பு மிஞ்சியிருந்தாலும் பால் திரிந்துவிடும். பால் பொங்கியது, திரியவில்லை.

அவள் ஒவ்வொரு தம்ளராக மூக்கருகே கொண்டுபோனாள். விளிம்பு மடிப்புக்குள் நகத்தை ஓட்டினாள். பதினாறு தம்ளரைச் சரி என்று தள்ளி வைத்தாள். பெட்டியின் மூலைகளில் நின்ற நாலை என் முன்னால் வைத்தாள்.

"இது நாறுது."

"நாலுதானே" என்றேன். "சாமிகிட்ட சொல்ல வேண்டாம். ஒனக்கு இந்த மிஷின் வேணுமா வேண்டாமா?"

"எனக்கு வேணும். அதுக்காவ நாறலன்னு சொல்லச் சொல்லுதியளா? நான் சொல்லலன்னா நாளைக்குக் குடிக்கவன் சொல்லுவான். அப்ப மிஷினும் போவும், நானும் போவேன், நீங்களும் போவிய."

வேலை போகப்போவது அவளுக்கு. பொய் சொன்னால் பிழைக்கக் கூடியவளும் அவள்தான். நான் மறுபடி ஓட்டி, கதவை இடுக்காகத் தூக்கிப் பிடித்து, குழாய்க்கைகள் சுற்றுவதைப் பார்த்தேன். நடுவில் தண்ணீர் நேராக ஏறியது; மூலைக்குச் சாய்ந்துதான் போனது. நேராகக் கவிழ்ந்திருந்த தம்ளருக்குள் அது நுழையவில்லை. அன்று சாயங்காலமே பட்டறையில் கம்பி வளைத்தேன். ஓரத்துத் தம்ளர்கள் எல்லாம் நடுவைப் பார்த்துத் தலை சாய்த்து நிற்கிற மாதிரி ஒரு கூடை. மேலே, அவை புரளாமல் அமுக்க ஒரு வலைமூடி. பதினான்காம் நாள் குர்லாவில் அறுபது தம்ளர் கழுவினோம். அவள் அறுபதையும் மோந்தாள். ஒன்றையும் ஒதுக்கவில்லை. அதற்கப்புறமும் நான் மிஷினை நிறுத்தவில்லை. பொழுது சாயும் வரை சும்மா ஓடவிட்டு, மணிக்கு ஒருதரம் காதைக் கொடுத்தேன். முந்தின நாள் கேட்ட அதே மூச்சுதான்.

காரியதரிசிக்கு அந்தச் சாம்பல் நிறம் பிடிக்கவில்லை. "உடைஞ்ச கப்பல்லேர்ந்து வந்தது. நடுவிலே நின்னுடுத்துன்னா?"

"நின்னா நானே வந்து இருநூறு பேரு பாத்திரத்தையும் தேய்க்கேன் சாமி. ஆளை மட்டும் மாத்தாதீக."

கமிட்டியில் சிரித்தார்களாம். ஆனால் வாங்கினார்கள். மிஷினைப் பார்த்துக்கொள்ள அவளையே வைத்தார்கள்.

எட்டு மாதம் கழித்து ஒரு மழைநாளில் அது நின்றது. மிஷினில் குற்றம் இல்லை. தெருவில் வெள்ளம் புகுந்து என் மோட்டார் முங்கிவிட்டது. அதன் செப்புக் கம்பிச் சுருள் காய இரண்டு நாள் ஆகும். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்தேன். பட்டறையில் நாலு பேருக்கு முதலாளி அப்போது நான். மெம்பர்கள் கை கழுவ வருகிற சாக்கில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவள் எதிரே நின்றுகொண்டாள்.

"தம்ளருக்கு முதுகு தேச்சு விடுதியளா அண்ணாச்சி? உள்ள விரல விடுங்க."

"விட்டுட்டுத்தான் இருக்கேன்."

"மடிப்புல?"

"மடிப்புலயும்."

வாங்கி மோந்து பார்த்தாள். திரும்ப என் முன்னால் போட்டாள். "நாறுது."

முதல் நாள் அவள் எனக்குத் திருப்பிப் போட்ட தம்ளர் எத்தனை என்று நான் எண்ணவில்லை. சாயங்காலம் என் விரல் இடுக்கெல்லாம் எரிந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். ரசத்தில் கை வைத்ததும் சுரீர் என்று பிடுங்கிக்கொண்டேன். அவள் எதிரில் உட்கார்ந்து, ரசம் விட்டுச் சோற்றைப் பிசைந்து, ஐந்து விரலும் சேர உருட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். டீயும் ஒரு பாவ் ரொட்டியும் என் பக்கம் தள்ளி வைத்தாள். வெளியே மழை நின்றிருந்தது. ஓட்டில் இருந்து சொட்டுகிற தண்ணீருக்கு அடியில் வெங்கலக் குண்டான் ஒன்று தானாகவே நிறைந்துகொண்டிருந்தது. எனக்கு வாழ்க்கையில் கிடைத்த மரியாதைகளில் அந்தப் பாவ் ரொட்டியைத்தான் நான் முதலில் சொல்வேன்.

மோட்டாரை உயரத்தில் தூக்கிக் கட்டினேன். அதற்குப் பிறகு பல வருஷம் அது நிற்கவில்லை. ஆளை மாற்றும் பேச்சும் கமிட்டியில் எழவில்லை. அவள் தானாக வேண்டாம் என்று நின்றுகொள்ளும் வரை அங்கேதான் இருந்தாள்.

போன மாதம் சபையின் மலர் ஒன்று என் கைக்கு வந்தது. பேரன் படித்துக் காட்டினான். கேன்டீனைப் பற்றி இரண்டு பக்கம். "அக்காலத்திலேயே நவீன முறையில் பாத்திரங்களைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தைக் கமிட்டியார் தேர்ந்தெடுத்து நிறுவினர்" என்று போட்டிருக்கிறது. கமிட்டியார் படம் இருக்கிறது. நடுவில் மாலை போட்ட மிஷின். மோட்டார் என்னுடையது, கூடை என்னுடையது. கமிட்டிக்காகக் காரியதரிசி தேர்ந்தெடுத்தது கண்ணாடி ஜன்னல் வைத்த பெட்டியை. மோந்து பார்த்தவள் அவள். காது வைத்துக் கேட்டவன், கம்பி வளைத்தவன், நின்றால் நான் தேய்க்கிறேன் என்று சொல்லி, சொன்னபடி உட்கார்ந்து தேய்த்தவன் நான்.

அவள் இருந்தால், "பேரு கிடக்கட்டும் அண்ணாச்சி, தம்ளரு நாறாம இருந்தாப் போதும்" என்பாள். எனக்குப் போதாது. பெயர் போட வேண்டாம். பெயரைக் கேட்டு நான் எழுதவில்லை. ஆனால், மலர் போட்டவர்களே, அந்த வரியைத் திருத்துங்கள். இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தது தாராவியில் இருந்து வந்த ஒரு மெக்கானிக்கும், பாத்திரம் தேய்த்த ஒரு பெண்ணும் என்று அச்சில் போடுங்கள். மெக்கானிக் என்பதை முதலில் போடுங்கள்.